மூக்கு மலையில் அலை படிந்த பாறை

எங்கள் குப்பத்தில் கல் கிடையாது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் குடியிருந்தோம். எத்தனை ஆழம் தோண்டினாலும் மணலும் கிளிஞ்சலும்தான் வரும். வலைக்குக் கட்டும் கல்லைக்கூடப் பொன்னேரிப் பக்கத்திலிருந்து படகில் ஏற்றி வர வேண்டும். யார் வீட்டு அம்மியாவது இரண்டாகப் போனால் அது ஊருக்கே தெரிந்த நஷ்டம்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு மலை இருந்தது. மேற்கே, ஏரிக்கும் வயல்களுக்கும் ரயில் பாதைக்கும் அப்பால், வானம் முடிகிற இடத்தில் நீலமாகத் தெரியும். மல்லாந்து படுத்திருக்கும் ஒருவருடைய நெற்றியும் அதை அடுத்து செங்குத்தாக எழுந்து நிற்கும் மூக்கும் போல இருக்கும். நகரி மலை அது. நாங்கள் மூக்கு என்றுதான் சொல்வோம். எங்களில் யாரும் அதன் பக்கத்தில் போனதில்லை. போக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. பார்க்கக் கிடைத்தால் போதும் என்று இருந்தோம்.

அதுவும் தினமும் கிடைக்காது. கோடையில் வாரக்கணக்கில் மலையே இல்லாததுபோல இருக்கும், வெறும் வெள்ளைப் புகைமூட்டம். மழை விட்ட மறுநாள், காற்றில் இருந்த தூசியெல்லாம் கழுவிப் போனபிறகு, எழுந்து வெளியே வந்தால் பக்கத்துத் தெருவில் நிற்பதுபோல நிற்கும். கடலிலிருந்து பார்த்தால் இன்னும் அதிசயம். கட்டுமரத்தில் பாய் விரித்துக் கிழக்கே போகப்போக முதலில் குடிசைகள் நீருக்குள் இறங்கும். பிறகு பனைமரங்கள், அப்புறம் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கு. கரை முழுக்க மூழ்கின பிறகும் மூக்கு மட்டும் தண்ணீரின் மேலே நின்றுகொண்டிருக்கும். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அதை நம்பியது கட்டுமரத்தின் மேல்தான்.

என் அண்ணன் அந்த மலையை வைத்துத்தான் தொழில் செய்தார். மூக்கும் ஒரு பனந்தோப்பும் ஒரே நேருக்கு வந்தால் அங்கே அடியில் சேறு, இறால் விழும். மூக்கு தோப்பை விட்டு வடக்கே ஒரு கை அகலம் தள்ளி நின்றால் அங்கே அடியில் பார் என்கிற பாறைத் திட்டு, வலை கிழியும். நான் எட்டாவது முடித்துவிட்டு அவரோடு போக ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசி அது. நைலான் வலை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

ஓர் ஐப்பசி மாதம் நாங்கள் இருவரும் விடியலில் கிளம்பினோம். காற்று மந்தமாக இருந்தது. வலை இறக்கினபிறகு வாடைக்காற்று திடீரென்று கிளம்பியது. பாயைச் சுருட்டுவதற்குள் பாய்மரம் முறிந்தது. வலையை அறுத்துவிட்டோம். மழை இறங்கி நாலாபுறமும் சாம்பல் திரை போட்டுவிட்டது. அன்று பகலும், இரவும், மறுநாள் பகலும் கட்டுமரத்தோடு உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிடந்தோம். கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.  

சாயங்காலம் மழை நின்றது. மேற்கே அடிவானத்தை ஒட்டி மேகம் ஒரு கீற்றுப் பிளந்தது. செம்மஞ்சளாக ஒரு பட்டை. அதில் கரியால் வரைந்ததுபோல மூக்கு.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டேய், மூக்கு வடக்கால போயிருச்சுடா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பசியில் பிதற்றுகிறாரோ என்று நினைத்தேன்.

"எப்பவும் இந்த மாசத்துல சூரியன் வுழற எடத்துக்குப் பக்கத்துலதான இருக்கும்? இப்போ பாரு, எம்மாந்தூரம் தள்ளிக் கீது. மலை நவராது. நாமதான் தெக்கால வந்துக்கினோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இருக்கிற இடம் தெரிந்துவிட்டதில் வந்த சிரிப்பு. உடனே துடுப்பை எடுத்தார். "மூக்க நேரா மூஞ்சிக்கு வெச்சுக்கினு போடு" என்றார். வெளிச்சம் போகும்வரை மலையைப் பார்த்துத் துடுப்புப் போட்டோம். போனபிறகு, அலை எந்தத் தோளில் மோதியதோ அதே தோளில் மோதும்படி பார்த்துக்கொண்டு போட்டோம். விடியும் நேரத்தில் அலை கரையில் உடையும் ஓசை கேட்டது. எண்ணூருக்கு வடக்கே ஒரு குப்பம். அங்கிருந்தவர்கள் எங்களைத் தூக்கி வந்து கஞ்சி ஊற்றினார்கள். பக்கிங்காம் கால்வாயில் உப்பு ஏற்றப் போகும் படகில் எங்களை ஊருக்கு அனுப்பி வைத்தவர்களும் அவர்களே.

குப்பத்தில் எங்களுக்காக அழுது முடித்திருந்தார்கள். அண்ணி மட்டும் அழவில்லை. அண்ணன் கைகால் எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுப்பு மூட்டப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்தபிறகுதான் சொன்னார்:

"எல்லாரும் கடலப் பாத்துக்கினு அழுதாங்க. நீ எப்பவும் மூக்க நம்பித்தான போவ? அதனால நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கினேன். சாயங்காலம் மேகம் தொறந்துச்சு பாரு, அப்போ வேண்டிக்கினேன். ரெண்டு பேரும் திரும்பி வந்தா உம் மேல ஏறி வந்து தேங்கா ஒடைக்கிறேன்னு."

"மலை மேலயா? பக்கத்துல நின்னு ஒடச்சா ஆவாதா?" என்றார் அண்ணன்.

"ஏறி வந்துன்னு சொல்லிட்டேன். இனிமே இன்னா பண்றது?"

கடலில் நாங்கள் பார்த்த அதே கீற்றைத்தான் கரையில் அண்ணியும் பார்த்திருக்கிறார். இது என் மனதில் அன்றைக்குப் பதிந்தது. ஒரே நேரத்தில் இத்தனை தூரத்தில் இருந்த எங்கள் மூவரின் பார்வையும் ஒரு பாறையில் போய் முட்டியிருக்கிறது.

தை மாதம் கிளம்பினோம். மீஞ்சூர்ச் சந்தையைத் தாண்டி அண்ணி அதற்கு முன் எங்கும் போனதில்லை. பொன்னேரியிலிருந்து மெட்ராஸ் வந்து, சென்ட்ரலில் திருப்பதி போகும் பாசஞ்சரில் ஏறினோம். வேப்பம்பட்டு தாண்டும்வரை அண்ணி மடியில் தேங்காய்ப் பையை அணைத்துக்கொண்டு தூங்கினார். திருவள்ளூரில் விழித்துக்கொண்டு வடக்குப் பக்க ஜன்னலுக்கு இடம் மாறினார். கடம்பத்தூரில் வண்டி நின்றபோது வயல்களுக்கு மேலே மலை தெரிந்தது. மிகப் பெரிதாக, பச்சையும் பழுப்புமாக. நீலம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இன்னா இது, மூக்கக் காணோமே?" என்று அண்ணி பதறினார்.

உண்மைதான். நாங்கள் பார்த்தது கிழக்கிலிருந்து. இங்கே தெற்கிலிருந்து பார்க்கிறோம். மூக்கு நீண்ட சுவராகப் படுத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கடம்பத்தூரில் ஏறியவர். நெல் பயிரிடும் குடும்பம், கையில் நாற்று முடிச்சின் சேறு காயாமல் இருந்தது.

"மூக்கா? அதுக்கு இன்னும் நேரம் கீதும்மா. திருத்தணி தாண்டினப்புறம் தெரியும்" என்றார். "எங்களுக்கு அது மழை மலை. அது தலையில மேகம் குந்திக்கினு எறங்காம இருந்துச்சுன்னா, ஏரி ரொம்பிரும்னு அர்த்தம். நீங்க இன்னாத்துக்குப் போறீங்க?"

அண்ணன் சுருக்கமாகச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு ஜன்னல் வழியே மலையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கடல்ல இருந்து தெரியுமா அது? எங்க மலையா?"

"எங்க மலைதான்" என்றார் அண்ணி. நால்வரும் சிரித்தோம்.

திருத்தணி கடந்ததும் அந்தச் சுவர் மெல்லத் திரும்பியது. வண்டி வளைய வளைய நெற்றி பிரிந்து, மூக்கு எழுந்து நின்றது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை பக்கத்தில் வந்தபிறகும் அது நான் கடலில் பார்த்த அதே கோடாக இருந்ததுதான் எனக்கு வியப்பு. நூறு பங்கு பெரிதானாலும் ஓர் அணுவும் மாறாத கோடு.

ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி ஒரு சத்திரத்தில் தங்கினோம். காலையில் நாஷ்டா முடித்துக்கொண்டு அடிவாரத்துக்கு நடந்தோம். வழி கேட்ட இடத்தில் விறகு பொறுக்க மலைக்குப் போகும் ஓர் அம்மாள் அகப்பட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அண்ணனை நைனா என்றார், அண்ணியை அக்கா என்றார். அண்ணிக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அண்ணி மீன்கூடை சுமப்பவர், அவர் விறகு சுமப்பவர். பத்து நிமிடத்தில் இருவரும் தலைச்சும்மாடு சுற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கீழ்ப்பாதி எல்லாம் உருண்டைப் பாறைகள். யானைகள் கும்பலாகப் படுத்திருப்பதுபோல. தொட்டால் சொரசொரவென்று, வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது. நடுநடுவே முள்ளும் காட்டுக் கள்ளியும். நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்லின் மேல் நடந்தேன். மணல் காலை வாங்கிக்கொள்ளும். கல் வாங்கிக்கொள்ளாது, ஒவ்வொரு அடியையும் திருப்பித் தந்தது. மூச்சு வாங்கினாலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

பாதிக்கு மேலே போனதும் கல் மாறியது. மாறியது என்றால் மெல்ல அல்ல. கத்தியால் கோடு போட்டதுபோல ஓர் இடம். அதுவரை சாம்பல் நிறப் பாறை. அதற்கு மேலே இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, பலகைகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியதுபோல செங்குத்தான சுவர். இரண்டும் சேருமிடத்தில் கோழிமுட்டையும் புளியங்கொட்டையும் போன்ற கூழாங்கற்கள் பாறைக்குள்ளேயே பதிந்திருந்தன, பாகில் நிலக்கடலை பதிந்திருப்பதுபோல. அண்ணன் ஒன்றைத் தட்டிப் பெயர்க்கப் பார்த்தார். அசையவில்லை.

"ஆத்துக் கல்லு மாதிரி கீதுல்ல? இவ்ளோ ஒசரத்துல ஆறு எங்க வந்துச்சு?" என்றார்.

சுவரில் ஒரு பிளவு இருந்தது. விறகுக்கார அம்மாள் அதற்குள் புகுந்து பல்லி மாதிரி ஏறினார். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஏறி முடித்ததும் காற்று முகத்தில் அறைந்தது. மூக்கின் மேல் நின்றிருந்தோம்.

அங்கே கோயில் இல்லை. சூலமோ மஞ்சள் பூசிய கல்லோகூட இல்லை. தட்டையான பாறை, காய்ந்த புல், காற்று. எங்கே தேங்காய் உடைப்பது என்று தெரியாமல் அண்ணி பையோடு சுற்றி வந்தார். செருப்பில்லாத கால். திடீரென்று நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டு உள்ளங்கையைப் பாறையில் வைத்துத் தடவினார்.

"இங்க வாங்களேன்" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது.

பெரிய பாறைத் தளம். அதன் மேல் முழுக்க வரிவரியாக, சின்னச் சின்ன மேடும் பள்ளமும், ஒன்றையொன்று தொடாமல் நெளிந்து போய்க்கொண்டிருந்தன. ஏரியில் தண்ணீர் வடிந்தபிறகு சேற்றுத் தரையில் இருக்குமே, அப்படியே. அண்ணி மட்டிச் சிப்பி பொறுக்க தினமும் நடக்கிற தரை அது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அதில் நடந்து பார்த்தார்.

"தண்ணி வுட்டுப் போன தரைங்க இது. காலுக்குத் தெரியுது. கல்லாக் கெடக்குது. யாரு செதுக்கினாங்க?"

 பயமும் சந்தோஷமுமாக நாங்கள் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபக்கச் சரிவிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. கையில் சுத்தியலும் தோளில் பையுமாக ஏழெட்டு மாணவர்கள் ஏறி வந்தார்கள். கூடவே வெயிலில் சிவந்துபோன வாத்தியார் ஒருவர். மெட்ராஸ் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவர். வருடா வருடம் பிள்ளைகளை இங்கே அழைத்து வருவாராம். நாங்கள் மலையுச்சியில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து அவர்தான் முதலில் திகைத்தார். அண்ணி சங்கோசப்படாமல் கேட்டுவிட்டார்:

"சார், நாங்க பழவேற்காட்டு மீன்காரங்க. இது எங்க ஏரித் தரை மாதிரியே கீதே. எப்படி சார்?"

அவர் முகம் மலர்ந்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பாறையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாதிரி இல்லம்மா. அதுவேதான். இது கடல் தரை. ஆழம் இல்லாத கடல். கீழ உருண்டைப் பாறை பாத்தீங்கல்ல, அது அந்தக் காலத்து நிலம். அதுமேல கடல் ஏறி வந்துச்சு. கரையில உருண்ட கூழாங்கல்லு மொதல்ல படிஞ்சுது. அதுக்குமேல மணல், மணல்மேல மணல். ஒரு நாள் சின்ன அலை அடிச்சு இந்த வரியப் போட்டுச்சு. அது கலையறதுக்குள்ள அடுத்த மணல் வந்து மூடிடுச்சு. அழுத்தத்துல எல்லாம் இறுகி கல்லாச்சு. அப்புறம் தரையே மேல எழும்பிடுச்சு."

"எப்போ சார்?" என்றார் அண்ணன்.

"நூறு கோடி வருஷத்துக்கு மேல இருக்கும்."

எங்களுக்கு அந்த எண் எதையும் சொல்லவில்லை. அண்ணி வேறொன்று கேட்டார்.

"அப்போ இன்னா மீனு சார் இருந்துச்சு அந்தக் கடல்ல?"

"மீனே இல்லம்மா. அப்போ உலகத்துல எங்கயும் மீன் கிடையாது. நண்டு கிடையாது, இறால் கிடையாது. கரையில ஒரு புல்லு கூட கிடையாது. கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, பாசி மாதிரி கொஞ்சம். அவ்வளவுதான்."

அண்ணி மறுபடி அந்த வரிகளைத் தொட்டுப் பார்த்தார். நானும்தான். அலை இருக்கிறது, மணல் இருக்கிறது, காற்று இருக்கிறது. வலை வீச ஆளும் இல்லை, விழ மீனும் இல்லை. அத்தனை காலம் சும்மா அடித்துக்கொண்டிருந்த கடல்.

"மீனே இல்லாம, அப்போ அந்தக் கடலு யாருக்கு சார்?" என்றார் அண்ணி மெதுவாக.

வாத்தியார் யோசித்தார். "தெரியலம்மா. எனக்கு இந்தக் கேள்வி தோணினதே இல்ல" என்றார். மாணவர்கள் சிரிக்கவில்லை. ஒரு பையன் தன் சுத்தியலைப் பாறையில் ஓசைப்படாமல் வைத்தான்.

அண்ணனுக்கு வேறு கவலை. மூக்கு எப்படி மூக்கானது என்று கேட்டார். மேலே இருக்கும் கல்லுக்குக் குவார்ட்சைட் என்று பெயராம். உப்புக்கும் மழைக்கும் அசையாத கல். கீழே இருக்கும் உருண்டைப் பாறை வெயிலிலும் மழையிலும் மெல்ல உதிர்கிறது. அடி உதிர உதிர, மேலே இருப்பது பலகைபலகையாகச் செங்குத்தாகப் பிளந்து விழுகிறது. அதனால்தான் சரிவாகத் தேயாமல் இப்படி நிமிர்ந்து நிற்கிறது. விழுந்ததெல்லாம் மணலாகி நகரி ஆற்றோடு போகிறது, கொசத்தலை ஆற்றில் சேர்ந்து எண்ணூரில் கடலுக்குப் போகிறது. எண்ணூர் என்றதும் அண்ணன் என்னைப் பார்த்தார். நாங்கள் கரையேறிய மணலின் மேல் இந்த மலையின் துண்டு ஏதாவது கிடந்திருக்கும்.

"அப்போ ஒரு நாளு மூக்கு வுழுந்துருமா சார்?"

"விழும். உங்க பேரன் காலத்துல இல்ல. அவன் பேரன் காலத்துலயும் இல்ல. கவலைப்படாம மீன் பிடிங்க."

அண்ணன் பெருமூச்சு விட்டார்.

தேங்காய் உடைக்க அண்ணி இடம் முடிவு செய்துவிட்டார். அலைவரிப் பாறையின் ஓரத்தில் கற்பூரம் ஏற்றப் பார்த்தார், காற்றில் நிற்கவில்லை. விட்டுவிட்டுத் தேங்காயை ஓங்கி அடித்தார். ஒரே அடியில் பிளந்தது. தண்ணீர் தெறித்து, அந்த வரிகளின் பள்ளங்களில் நுழைந்து, ஒவ்வொன்றாக நெளிந்து ஓடி, வெயிலில் பளபளத்தது. அந்தப் பாறைக்கு மறுபடி தண்ணீர் வந்ததுபோல இருந்தது.  வாத்தியார்கூடக் கைகூப்பி நின்றார். யாரை நினைத்துக் கும்பிட்டாரோ தெரியாது. பிறகு தேங்காயைத் துண்டு போட்டு எல்லோரும் தின்றோம். பசித்திருந்த பிள்ளைகள் ஓட்டைச் சுரண்டிக் காலி செய்தார்கள்.

கிழக்கே கடல் தெரிகிறதா என்று அண்ணன் விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். கீழே கட்டம்கட்டமாக வயல்கள், கண்ணாடிச் சில்லுகளாக ஏரிகள், பூண்டி நீர்த்தேக்கத்தின் வெள்ளைத் தகடு, ரயில் விட்ட புகை. அதற்கு அப்பால் பால்போல மூட்டம். கடல் தெரியவில்லை.

"அடச்சே, பேஜாராப் போச்சு" என்றார். ஆனால் அதிக வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. போகும்போது வாத்தியார் சொன்னார், மழைக்காலத்தில் ஒருமுறை மட்டும் இங்கிருந்து கடலை ஒரு வெள்ளிக் கோடாகப் பார்த்திருக்கிறாராம்.

இறங்குவது ஏறுவதைவிடச் சிரமமாக இருந்தது. அடிவாரத்தில் விறகுக்கார அம்மாள் விடைபெற்றபோது அண்ணி, பையில் மிச்சமிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். "ஊட்டுக்கு வா, கடலப் பாக்கலாம்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வரவில்லை.

திரும்பும் வண்டியில் அண்ணன் ஏறியதும் தூங்கிவிட்டார். நான் ஜன்னலை விடவில்லை. சாய்ந்த வெயில் மலையின் மேல் விழுந்திருந்தது. காலையில் ஒரே மலையாகத் தெரிந்தது இப்போது இரண்டாகத் தெரிந்தது. கீழே இருண்ட நிலம், மேலே ஒளிரும் கடல் தரை, நடுவே அந்தக் கோடு. அதற்குப் பிறகு அதை ஒரே மலையாகப் பார்க்க என்னால் முடிந்ததே இல்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தபோது நான் கடலை விட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திரங்களின் பெயர்களோடு கற்களின் பெயர்களையும் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்தேன். அண்ணன் கடைசிவரை கடலிலேயே இருந்தார்.

அன்றைக்கு ரயிலில், திருவள்ளூர் தாண்டியதும் அண்ணி மெல்லக் காலை நீட்டினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"மழைக்காலத்துல வந்தா கடலு தெரியும்னு சொன்னாரே அந்த சாரு. மறுபடி ஏறலாமா அண்ணி?" என்று கேட்டேன்.

"மொதல்ல இது ஆறட்டும்டா" என்றார்.